சிவப்பு வட்டத்தின் நடுவே

கணினி நிரலில் பெனிஷா எழுதியிருந்தது முப்பது. திரையில் சிவப்பு ஐம்பதைத் தாண்டிப் பரவியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மதியம். வரைபடம் போட்டுத்தரும் அந்தச் சின்ன அலுவலகத்தில் அவளைத் தவிர ஆளில்லை. ஏசியின் உறுமலுக்கு அடியில் ஈரத்துணியைத் தரையில் இழுப்பதுபோல ஒரு சத்தம்; சாத்திய ஜன்னலையும் மீறி உப்புச் சேற்றின் வீச்சம். குருசுக்குப்பத்தில் கடல் எதுவரை ஏறும் என்று காட்டும் படம் அது. நடுவில் சிவப்பு அடர்ந்திருக்கும், சுற்றிலும் போகப் போக வெளுத்து மறையும். எங்கே மறைய வேண்டும் என்பதை ஓர் எண் முடிவுசெய்யும். உண்மைக் கணக்கு எழுபது மீட்டர்.

போன மழைக்கு முன்பு முதலாளி ராஜ்கமல் குறைக்கச் சொன்னார். பக்கத்தில் ஓட்டல் வருகிறதாம், சிவப்பு கண்ணில் படக் கூடாதாம். வேலைக்குப் பயந்து முப்பதாக்கினாள். குப்பத்தில் அந்தப் படத்தை ஒட்டினார்கள். வீட்டுக்கு மீன் கொண்டுவரும் அமுதவல்லி அவளிடமே வந்து கேட்டாள்.

"எங்க வூட்டு மேல வெள்ளையாத்தான் இருக்குது. இருக்கலாமா பாப்பா?"

"இருக்கலாங்க்கா."

பத்தாம் நாள் அலை அமுதவல்லியைப் பாயோடு இழுத்துக்கொண்டு போனது. எந்த முகத்தை வைத்துக்கொண்டு சாவு வீட்டுக்குப் போவது? பெனிஷா போகவில்லை. அன்றிலிருந்து தன் கையைப் பார்க்கவே அவளுக்குக் கூசியது.

மிச்சமிருக்கும் பதினோரு வீடுகளுக்கு இன்று புதுப் படம் போக வேண்டும். மறுபடியும் முப்பது என்று அடித்தாள். சிவப்பு அறுபதுக்கு நகர்ந்தது.

போன் அடித்தது. ராஜ்கமல்.

"அனுப்பிட்டியாம்மா? போன தடவ மாதிரியே இருக்கட்டும்."

"தோ அனுப்பறேன் சார்."

எங்கே தப்பு என்று பார்க்க வட்டத்தின் நடுவைப் பெரிதாக்கினாள். கோடுகளால் ஆன படம். எவ்வளவு பெரிதாக்கினாலும் கலங்காது. தெரு வந்தது. கூரை வந்தது. பிறகு, அவள் வரையாத சுவர். வரையாத பாய்.

பாயில் ஒருத்தி. ஈரத் தலை. நிமிர்ந்தாள்.

அமுதவல்லி.

காத்திருந்தாள்.

எழுபது என்று அடிக்கலாம். இப்போதுகூட. விரல் ஏழின்மேல் போனது. வேலை போய்விடும்.

முப்பது. இந்தத் தடவை சிவப்பு முப்பதிலேயே நின்றது. அனுப்பிவிட்டாள்.

திரையில் அமுதவல்லி தலையாட்டினாள். எழுந்தாள். தன் பாய்க்குப் பக்கத்தில் இன்னொரு பாயை விரித்தாள். அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. அவசரமில்லாமல். ஏழு. எட்டு.

பதினொன்றாவது பாயின் தலைமாட்டில் குழந்தைத் தலையணை ஒன்றை வைத்து, தட்டிச் சரிசெய்தாள்.