பசித்த கிருமிகள்

"உனக்கு மூக்குன்னு ஒண்ணு இருக்காம்மா, இல்ல அதையும் கழட்டி வச்சுட்டுத்தான் வேலைக்குப் போறியா?"

கல்யாணமான புதிதில் மாமியார் கேட்ட கேள்வி. கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில் கிருமிகளைச் சோதிக்கிற அந்த மருமகள் அன்றைக்குச் சிரித்துவிட்டு நகர்ந்தாள்.

இன்றைக்கு அவளுக்கே குமட்டியது.

இரண்டாம் தொட்டிக்குள் ஒரு பிணம்!

துப்புரவு மேஸ்திரி... சேற்றில் குப்புறக் கிடந்தார். புரட்டியபோது திறந்த வாயிலிருந்து சேறு வழிந்தது. இன்ஸ்பெக்டர் வெளியே ஓடி வாந்தி எடுத்துவிட்டு வந்தார்.

விஷவாயுதான் கொன்றது என்றார் டாக்டர்.

மேஸ்திரி சுத்தம் செய்ய இறங்கியிருந்தபோது யாரோ வாயு வால்வைத் திறந்துவிட்டதாக மேனேஜர் விளக்கினார். மேனேஜர் வேறு யாருமில்லை, அவள் கணவர். அந்த வால்வுக்கு யார் பொறுப்பு என்று கேட்டதும் தயங்கினார். விரல் மட்டும் நீண்டது.

அவளுடைய தம்பியை நோக்கி!

"அக்கா, நான் வால்வைத் தொடவே இல்லக்கா."

தம்பியின் கையில் விலங்கு விழுந்தது.

அவள் மாஸ்க்கும் கையுறையும் மாட்டினாள். ஏணியில் இறங்கினாள். தொட்டிச் சுவரில் படர்ந்திருந்த கொழகொழப்பை வழித்துக்கொண்டு வந்து இன்ஸ்பெக்டர் முன்னால் நீட்டினாள்.

"என்னம்மா இது, சளி மாதிரி?"

"கிருமிங்க சார். அழுகின முட்டை நாத்தம் அடிக்குதே, அந்த விஷவாயுதான் இதுங்களுக்குச் சாப்பாடு. அதைக் கந்தகமா மாத்தி உடம்புக்குள்ளேயே மணி மணியா சேர்த்து வச்சுக்கும். வாயு வந்துட்டே இருந்தா பால் மாதிரி வெள்ளையா இருக்கும்."

"இது சாம்பலா இருக்கே?"

"பட்டினி. வாயு நின்னா சேர்த்து வச்ச கந்தகத்தையே தின்னு தீர்த்துடும். வெள்ளை போயிடும். இந்தத் தொட்டிக்கு ரெண்டு நாளா வாயுவே வரல சார்."

வால்வு திறந்துதானே இருக்கிறது என்று இன்ஸ்பெக்டர் மடக்கினார். அவள் குழாயைக் கழற்றச் சொன்னாள்.

உள்ளே... கட்டியாக, மஞ்சளாக, கந்தகம்! கிருமிகள் உண்டாக்கிய கந்தகமே சேர்ந்து இறுகிக் குழாயை அடைத்திருந்தது. ஊரே நாறுகிற இடத்தில் ஒரு தொட்டி நாறவில்லை என்பதை யார் கவனிப்பார்கள்?

வால்வைத் திறந்தவனும் கவனிக்கவில்லை!

அப்படியானால் மேஸ்திரி இங்கே சாகவில்லை. மிச்சம் இருந்தது முதல் தொட்டி.

வாயுவை அடைத்து, காற்றோட்டம் விட்டு, அதைத் திறந்தார்கள். சுவரெல்லாம் வெள்ளை வெளேரென்று கொழகொழப்பு. அதில் ஐந்து விரல்கள் பிறாண்டிய தடம்... மேலிருந்து கீழே.

பிணத்தின் நகங்களுக்குள்ளும் அதே வெள்ளை!

"இந்தத் தொட்டிச் சாவி யார்கிட்ட இருக்கும்?"

அவள் வாயைத் திறந்தாள். மூடினாள். விலங்கோடு நின்ற தம்பியைப் பார்த்தாள்.

"என் வீட்டுக்காரர்கிட்ட மட்டும்தான் சார்."

மேனேஜரின் முகம் வெளுத்தது. அஞ்சு நிமிஷ வேலைதானே என்று வாயுவை நிறுத்தாமலே மேஸ்திரியை இறக்கினாராம். மாஸ்க் தேட நேரமில்லையாம். செத்ததும் பயந்துபோய்ப் பிணத்தை இரண்டாம் தொட்டிக்கு மாற்றி, அங்கே வால்வையும் திறந்துவிட்டாராம்.

"வெளியே தூக்க நீங்க எப்படி உள்ள இறங்கினீங்க?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"மாஸ்க் போட்டுக்கிட்டு..."



மேனேஜர் மனைவி பக்கம் திரும்பினார். "வேணும்னு செய்யலடி. உன் தம்பி தனிக்கட்டை. ரெண்டு வருஷம் உள்ள இருந்துட்டு வந்திருப்பான். நமக்குக் குடும்பம் இருக்குல்ல?"

அவள் அவரைவிட்டு விலகி, தம்பி பக்கத்தில் போய் நின்றாள்.

விலங்கு கை மாறியது.

"கிருமிகூடப் பசிச்சா தன் சேமிப்பைத்தான் தின்னுது," என்றார் இன்ஸ்பெக்டர். "நீங்க மச்சினனைத் தின்னப் பார்த்தீங்களே சார்."

மேனேஜர் ஜீப்பில் ஏறினார். உள்ளே இருந்த கான்ஸ்டபிள் மூக்கைச் சுளித்துக்கொண்டு ஓரமாகத் தள்ளி உட்கார்ந்தார்.