ராஜ்பாளையத்து நாயின் கழுத்துப்பட்டை

செல்லக்கனி இரண்டு பனியன்களை ஜெயபாயின் மேசைமேல் விரித்தபோது மணி நாலரை. ஐந்து மணிக்குள் ராக்கப்பன் திருடன் இல்லை என்று காட்டியாக வேண்டும். தவறினால் நானூறு பேருக்கு அவன் பெயர் திருடன் என்று போய்ச் சேர்ந்துவிடும் என்றாள்.

"நானூறு பேருக்கு எப்படிப் போகும்?" என்று முந்திக்கொண்டு கேட்டான் ஜெயபாயின் தம்பி பால்பாண்டி. நாற்பது வயதாகியும் அவனுக்கு வாயை அடக்கத் தெரியாது.

அது 1999. ராஜபாளையம் நாய் என்றால் உயிரை விடுகிறவர்கள், வெளிநாட்டில் இருப்பவர்களும் சேர்ந்து, இன்டர்நெட்டில் ஒரு குழு வைத்திருந்தார்கள். ஒரு மெயில் போட்டால் அத்தனை பேருக்கும் போகும். மில்காரர் வைகுண்டராஜ்தான் தலைவர். ஞாயிற்றுக்கிழமை முதல் கூட்டம். அதற்கு நாய்த்தலையும் கீழே ஊர்ப்பெயருமாகச் சின்னம் போட்டுப் பனியன் அடிக்கும் வேலை, ராஜபாளையத்தில் ஸ்கிரீன் பிரிண்டிங் பட்டறை வைத்திருந்த செல்லக்கனிக்குக் கிடைத்தது. கூட்டத்துக்கு முன்பே அதே சின்னம் ஸ்ரீவில்லிபுத்தூர் கடைத்தெருவில் தொங்கியது.

"என் பட்டறையில அச்சடிக்கிற ராக்கப்பன்தான் வித்துட்டான்னு சொல்லுதாரு அக்கா. சந்தேகம்னு அவன் பேரைப் போட்டு நேத்தே ஒரு மெயில் விட்டாரு. இன்னைக்கு அஞ்சு மணிக்குத் திருடன்னே எழுதப் போறாராம்."

தந்தி ஆபீஸில் முப்பது வருஷம் எழுத்தெண்ணி ஓய்வுபெற்றவர் ஜெயபாய். பதறுவது அவருக்குப் பிடிக்காது. கடையில் வாங்கிய பனியனை எடுத்து நிதானமாகப் படித்தார்.

"ராஜ்பாளையம்னு இருக்கே. ஜ மேல ஏது புள்ளி?"

"அதுதான்க்கா வினை. எங்க ஸ்கிரீன் துணியில ஊசித்துவாரம் விழுந்து, மை இறங்கி, முதல் சாம்பிள்ல புள்ளி வச்சிருச்சு. அந்த ஒண்ணை மட்டும் சார்கிட்ட குடுத்தோம். அவரு சொன்னதும் ராக்கப்பன் ஓட்டையை அடைச்சிட்டான். பொறவு அடிச்சதுல புள்ளி கிடையாது. அடைக்குமுன்ன திருட்டுத்தனமா அடிச்சிருக்கான்னு சாரு அடிச்சுச் சொல்லுதாரு."

"அந்த சாம்பிள்?"

"அவர் பீரோவுல. வெளியவே போகலியாம்."

எல்லாம் ராக்கப்பன் பக்கமே கை காட்டியது. ஏதாவது சொல்ல வேண்டுமே என்று பால்பாண்டி, "கடைச்சரக்குல நாய்க்குப் பட்டை கட்டியிருக்கான் அக்கா" என்றான். கழுத்தின் குறுக்கே மெல்லிய வெள்ளைக்கோடு ஒன்று ஓடியது. செல்லக்கனி அடித்ததில் அது இல்லை.

"கள்ளப்பயக தாமா சேத்திருப்பாங்க" என்றாள் செல்லக்கனி.

ஜெயபாய் கோட்டின்மேல் நகத்தை ஓட்டினார். "கழுத்து சாஞ்சிருக்கு. பட்டை மட்டும் ஸ்கேல் வச்ச மாதிரி நேரா போகுதே. தொங்குற காது நுனி மேலயும் ஏறுது." சற்று யோசித்தார். "வெளிநாட்டுல இருக்கவிய பனியனைப் பாத்தாவளா?"

"பாத்து ஓட்டுப் போட்டாவ. சரின்னு சொன்ன பொறவுதான் மொத்தமா அடிச்சோம்."

"பால்பாண்டி, வண்டிய எடு."

வைகுண்டராஜ் மெயில் விடுவது பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே குருசாமியின் பிரௌசிங் சென்டரில்தான். உள்ளே நுழைந்தபோது ஐந்தாக எட்டு நிமிஷம். வைகுண்டராஜ் மெயிலை அடித்து முடித்திருந்தார். போன் லைன் கிடைக்காமல் மோடம் கத்திக்கொண்டிருந்தது. அவர் வரச்சொல்லியிருந்த ராக்கப்பன் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, மைக்கறைக் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றான். அவன் முகத்தைப் பார்க்கப் பால்பாண்டியால் முடியவில்லை.

"சார், ஒரே கேள்வி" என்றார் ஜெயபாய். "அமெரிக்காக்காரவியளுக்குப் பனியனை எப்படிக் காட்டுனீங்க?"

"மெயில்லதான். படமா அனுப்பினேன்."

"பீரோவுல இருந்த பனியன் எப்படிப் படமாச்சு?"

வைகுண்டராஜ் மூலையில் இருந்த ஸ்கேனரைக் காட்டினார். "இங்க ஸ்கேன் எடுத்தேன். பத்தே நிமிஷம். அதைப் போய் வெளிய எடுத்ததுன்னு சொல்ல முடியுமா?"

"மடிச்சுத்தானே கொண்டு வந்தீங்க? மடிப்பு கண்ணாடியில சரியாப் படியாம வெள்ளைக்கோடா விழுந்திருக்கு. அதைத்தான் பட்டைன்னு நினைச்சோம். ஸ்கிரீன்ல அந்தக் கோடு கிடையாது. ராக்கப்பன் திருடி அடிச்சிருந்தா நாய் வெறுங்கழுத்தாத்தான் இருக்கும். புள்ளியும் கோடும் சேந்து இருக்கிறது நீங்க ஸ்கேன் பண்ணின படத்துல மட்டும்தான்."

"படம் நானூறு பேருக்குப் போச்சே. அவங்கள்ல யாராவது..." என்று இழுத்தார் வைகுண்டராஜ்.

"எம்புட்டுப் பெருசா போச்சு?"

"தீப்பெட்டி அளவு. பெருசா அனுப்பினா இறங்காது."

"அதுல எழுத்தே தெரியாதே. பெரிய படம் எங்க இருக்கு?"

அத்தனை பேரும் குருசாமியைப் பார்த்தார்கள்.

"அன்னைக்கே அழிச்சிட்டேன்" என்றான் அவன், தன்னை யாரும் கேட்காமலே. ஜெயபாய் கண்ணைக் காட்ட, வைகுண்டராஜே தேடிப்பிடித்துத் திறந்தார். கிழட்டுக் கம்ப்யூட்டரில் படம் மேலிருந்து மெதுவாக இறங்கியது. நெற்றி வந்தது, கண் வந்தது. காது நுனியில் வெள்ளைக்கோடு தொடங்கி, கழுத்தைக் குறுக்கே வெட்டிப் போனது. அதற்கும் கீழே, ஜ தலையில் புள்ளி.

"மச்சான் பனியன் யாவாரம் பண்ணுதான்... கேட்டான், குடுத்துட்டேன்" என்று குருசாமி தலையைக் குனிந்தான்.

செல்லக்கனி பெஞ்சில் உட்கார்ந்து அழுதுவிட்டாள்.

வைகுண்டராஜ் அடித்து வைத்திருந்த மெயிலை அவசரமாக அழித்தார். "ராக்கப்பா, மனசுல வச்சுக்காத. திருடன் கிடைச்சிட்டான்னு மட்டும் போட்டுடறேன். உன் பேரே வராது."

ராக்கப்பன் முதல்முறையாக வாசலைத் தாண்டி உள்ளே வந்தான்.

"வரணும் சார். நேத்து எழுதும்போது எம்பேரைப் போட்டீங்கள்ல? இன்னைக்கும் போடுங்க. நானூறு பேருக்கும் போவட்டும். நான் செத்த நேரம் நிக்கேன்."

மணி ஐந்தானது. வைகுண்டராஜ் ஒவ்வோர் எழுத்தாகத் தேடி அவன் பெயரை அடித்தார். அனுப்பி முடியும்வரை ராக்கப்பன் திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.