தொட்டவன் பொறுப்பு

காரணமானி என்ற கருவி தீர்ப்புச் சொல்லும்போது யாரையும் குறை சொல்வது போலவே இருக்காது. கல்யாண மண்டப வாசலில் பன்னீர் தெளிப்பவளின் குரல் அதற்கு.

“வணக்கம். இந்த இஞ்சின் நின்றுபோனதற்குப் பெரிய காரணம் மெக்கானிக் சந்தியாகு. உரிமையாளர் இன்னாசிக்குச் சிறு பங்கு. நன்றி.”

சந்தியாகு கையிலிருந்த ஸ்பேனரைத் தரையில் போட்டான். இஞ்சினைத் தோளில் தூக்கி வந்திருந்த இன்னாசி, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

“நான் அப்பவே சொன்னேம்லா மச்சான்? நீ தொட்டதுக்கு அப்புறந்தாம்ல இது இப்பிடி ஆச்சு.”

“உள்ள என்னல ஊத்துன?”

“இஞ்சின் ஆயில் தீந்துபோச்சு. வீட்ல வடை சுட்ட எண்ணெய் கெடந்துச்சு. அதுவும் எண்ணெய்தான?”

சந்தியாகு குனிந்து ஸ்பேனரை எடுத்தான். வாதாடி என்ன பயன்? தீர்ப்பு வந்துவிட்டது.

மணற்குடியில் படகு இஞ்சின் பழுது பார்ப்பவர்கள் எல்லோரும் காலங்காலமாகக் கேட்டு நொந்த வாக்கியம் அது, ‘நீ தொட்டதுக்கு அப்புறந்தான்.’ கார்புரேட்டரைச் சுத்தம் செய்து கொடுத்தால், மறுநாள் வந்து, படகில் ஓட்டை விழுந்ததற்கும் நீதான் என்பார்கள். இந்தப் பழியிலிருந்து தப்பிக்கத்தான் மெக்கானிக்குகள் சங்கம் கூட்டி, ஊர்வலம் போய், காரணமானி வேண்டும் என்று கேட்டு வாங்கினார்கள். அது ஊருக்குள் வந்த நாளில் லட்டு கொடுத்தார்கள். அதற்கு மாலை போட்டதே சந்தியாகுதான். இன்றைக்கு அந்தப் புகைப்படத்தைப் பார்த்தால் அவனுக்கு வயிறு எரிகிறது.

ஒவ்வொரு இஞ்சினிலும் துவரம்பருப்பு அளவில் ஒரு சாட்சிப்பொட்டு ஒட்டினார்கள். யார் தொட்டார்கள், எதைக் கழற்றினார்கள், எவ்வளவு சூடேறியது என்று எல்லாவற்றையும் அது காரணமானிக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். இனி யாரும் பொய் சொல்ல முடியாது. உண்மைதான், யாரும் சொல்லவில்லை. சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. இஞ்சின் கெட்டுப்போகும்போதெல்லாம் காரணமானி ஒரே ஒரு கேள்வியைத்தான் கேட்டது: இந்த ஆள் தொடாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

சந்தியாகு தொடாமல் இருந்திருந்தால் இன்னாசியின் இஞ்சின் என்றைக்கோ பழைய இரும்புக்குப் போயிருக்கும். பழைய இரும்புக்குப் போன இஞ்சினில் எவனும் வடை எண்ணெயை ஊற்ற மாட்டான். ஆகவே வடை எண்ணெயால் இஞ்சின் கெட்டதற்குப் பெரிய காரணம், அதை அதுவரை உயிரோடு வைத்திருந்த சந்தியாகு. கணக்கில் தப்பே கிடையாது. அதுதான் கொடுமை.

பெரிய காரணம் யாரோ அவர்தான் பொறுப்பாளி; அவரே பழுது பார்த்துத் தர வேண்டும். அவர் கை வைத்த இஞ்சின் ஓட்டத்தில் இருக்கும்வரை அவர் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. பேருந்துப் படியில் கால் வைத்தாலே கதவு மூடிக்கொண்டு, அதே பன்னீர்க் குரலில் மன்னிப்புக் கேட்கும்.

அடுத்த தெருவில் கடை வைத்திருந்த டெலஸுக்கு இந்தத் தொல்லையெல்லாம் இல்லை. அவன் பார்த்துக் கொடுத்த இஞ்சின் ஒரு வாரம் தாண்டினால் அதிசயம். தொடாவிட்டாலும் செத்திருக்கும், தொட்டும் செத்தது, ஆகவே பங்கு சுழியம். சாரல் சீசன் வந்தால் குடும்பத்தோடு குற்றாலம் போய்விடுவான்.

“அண்ணே, ஒங்ககிட்ட ஒரே ஒரு கொறதான் இருக்கு” என்பான் டெலஸ். “நல்லா வேல பாக்கிய.”

படகுக்காரர்களும் விவரமானவர்கள். ஒருவன் கட்டுண்டு கிடக்கும்போது இஞ்சினைத் துடைப்பானேன், உப்பைக் கழுவுவானேன்? மழையில் போட்டார்கள், மணலில் புதைத்தார்கள், நின்றால் தூக்கிக்கொண்டு சந்தியாகுவிடம் வந்தார்கள். இத்தனையையும் தாங்க முடியாமல் அவன் கைபட்ட இஞ்சின்கள் ஒவ்வொன்றாக உயிரை விட்டன. கடைசியில் மிஞ்சியது இன்னாசியுடையது மட்டும்.

“புதுசு ஒண்ணு வாங்கேம்ல. ஒனக்குப் புண்ணியமாப் போவும்” என்று சந்தியாகு கெஞ்சினான்.

“புதுச வாங்குனா நாந்தான பாக்கணும்? இது ஓடுற வரைக்கும் நீ பாப்ப” என்றான் இன்னாசி. அவன் குரலில் வஞ்சகமே இல்லை.

ஓசூரில் சந்தியாகுவின் மகள் ஜெசிந்தாளுக்குப் பையன் பிறந்திருந்தான். சந்தியாகு பேரனைத் திரையில் மட்டும்தான் பார்த்திருக்கிறான். குப்புற விழுந்ததைத் திரையில் பார்த்தான், தவழ்ந்ததைத் திரையில் பார்த்தான். நேற்று சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றதையும் அப்படியே பார்த்துவிட்டு, கடைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதான்.

இப்போது பெஞ்சின்மேல் செத்துக் கிடக்கும் இந்த ஒரே ஒரு இஞ்சின்தான் அவனுக்கும் ஓசூருக்கும் நடுவில் கிடந்தது.

அதைப் பிரித்துச் சுத்தம் செய்தான். எல்லாவற்றையும் ஒழுங்காகப் பூட்டினான், ஒன்றைத் தவிர. கடல் தண்ணீரை உள்ளிழுத்து இஞ்சினைக் குளிர வைக்கும் ரப்பர்ச் சக்கரத்தின் இதழ்கள் தேய்ந்துபோயிருந்தன. புதுச் சக்கரம் அலமாரியில்தான் இருந்தது. அவன் பழையதையே திரும்ப மாட்டினான்.

இன்னாசி கரையில் ஓட்டிப் பார்க்கும்போதே சூடேறி, பிஸ்டன் பிடித்துக்கொள்ளும், கதை முடியும் என்பது அவன் கணக்கு. பக்கத்துத் துளை வழியாகத் தண்ணீர் பீச்சுகிறதா என்று பார்க்காமல் எந்தப் படகுக்காரனும் கடலில் இறங்க மாட்டான். யாருக்கும் ஆபத்தில்லை. இதை அவன் தனக்குத்தானே பலமுறை சொல்லிக்கொண்டான்.

இன்னாசி அன்று மாலையே இஞ்சினைத் தூக்கிப் போனான். மறுநாள் காலை, மனைவி ரெஜினாளோடு பேருந்து நிலையத்தில் பையும் கையுமாக நின்றிருந்தபோது கைபேசி பேசியது.

“வணக்கம். இன்னாசியின் இஞ்சின் நேற்றிரவு நின்றது. மெக்கானிக் சந்தியாகுவின் பங்கு சுழியம். பெரிய காரணம், ஓட்டிப் பார்க்காமல் எடுத்துச் சென்ற இன்னாசி. சந்தியாகு, உங்களுக்கு விடுதலை. நன்றி.”

ரெஜினாள் சிலுவை போட்டுக்கொண்டாள். அவள் முதலில் ஏறினாள். சந்தியாகு படியில் கால் வைத்தான். கதவு திறந்தே இருந்தது. சீட்டில் உட்கார்ந்த பிறகுதான் ஒரு வார்த்தை உறைத்தது. எடுத்துச் சென்ற. கடலுக்கா?

ஜன்னலுக்குக் கீழே மீன் விற்கும் பிலோமி கூடையோடு போய்க்கொண்டிருந்தாள்.

“எக்கா, இன்னாசி எங்க?”

“கடல்ல நிக்கான். இஞ்சின் புடிச்சிக்கிட்டாம். நீரோட்டம் தெக்க இழுக்குதாம்.”

“பக்கத்துல படகு இல்லியா?”

“இல்லாம என்ன? எல்லாரும் தண்ணிக் கேனும் புரோட்டாப் பொட்டலமும் எறிஞ்சிட்டு வந்திருக்கானுவ. கயிறு யாரு போடுவா? போட்டுக் கரைக்கு இழுத்துட்டா அந்த இஞ்சினுக்கு அவம்லா பொறுப்பு?”

“ஆளையாச்சும் ஏத்திட்டு வரலாம்லா?”

“அவன் படக விட்டுட்டு வர மாட்டேங்கான்.”

சந்தியாகு எழுந்தான். ரெஜினாள் அவன் சட்டையைப் பிடித்தாள்.

“ஒங்க பங்கு ஒண்ணுமில்லன்னு சொல்லியாச்சில்லா? நீங்க ஏன் எந்திரிக்கிய?”

“தேஞ்ச சக்கரத்த நாந்தான் மாட்டுனேன், ரெஜினா. தெரிஞ்சேதான் மாட்டுனேன்.”

அவள் சட்டையை விடவில்லை. கண் நிறைந்துவிட்டது. “எறங்குனா இனிமே இந்தக் கதவு தொறக்காதுங்க” என்றாள்.

“தெரியும்.”

“அப்ப போங்க. பிள்ளைக்கு வாங்குன சட்டை எங்கிட்டதான் இருக்கு. நான் போட்டுவிட்டுப் படம் அனுப்புதேன்.” கோபத்தோடுதான் சொன்னாள். முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். பேருந்து கிளம்பிப் போனது.

கரையில் படகு கொடுக்க ஆள் இருந்தது, கூட வரத்தான் ஆள் இல்லை. சந்தியாகு தனியாகவே போனான். காரணமானி இஞ்சினைப் பற்றிச் சொன்ன கணக்கு அப்போதும் சரிதான். அவன் தொடாவிட்டாலும் அது செத்தேதான் கிடந்திருக்கும். அதை நம்பி ஏறிப்போன ஆளைப் பற்றி அதனிடம் யாரும் கேட்கவில்லை, அதுவும் சொல்லவில்லை.

இன்னாசி புரோட்டாப் பொட்டலங்களுக்கு நடுவே குந்தியிருந்தான். உதடு வெடித்திருந்தது. சந்தியாகுவைக் கண்டதும் எழுந்து கைகூப்பினான். பழகிய இத்தனை காலத்தில் அவன் அப்படிச் செய்ததே இல்லை.

“மச்சான், என்னைய மன்னிச்சிருல. இத்தன நாளும் சும்மா ஒன்னையே சொல்லிக்கிட்டு கெடந்தேன். இந்தத் தடவ தப்பு பூரா எம்மேலதான். ஓட்டிப் பாக்காம வந்துட்டேன். சந்தியாகு கை வச்சதுதானன்னு ஒரு நெனப்பு.”

சந்தியாகு கயிற்றைக் கையில் எடுத்தான். “இல்லல. தப்பு என்னுதுதான். தேஞ்ச சக்கரத்தையே வேணும்னே மாட்டி வச்சேன்.”

இன்னாசி சிரித்தான். “போல அங்கிட்டு. எம் மனசு நோவக் கூடாதுன்னு சொல்லுத. காரணமானி பொய் சொல்லுமா?”

“சத்தியமாச் சொல்லுதேன், நாந்தான்.”

“ஒனக்குப் பங்கு சுழியம்ல. நானே கேட்டேன்” என்று கைபேசியைத் தூக்கிக் காட்டினான் இன்னாசி. அதற்குமேல் அவனிடம் பேசிப் பயனில்லை. அவன் இனிச் செத்தாலும் நம்ப மாட்டான்.

சந்தியாகு கயிற்றை எறிந்தான். இன்னாசி பிடித்துப் படகின் முன்பக்க அணியத்தில் கட்டினான். கயிறு விறைத்ததும் இரண்டு கைபேசிகளும் ஒன்றாகப் பேசின.

“வணக்கம். இந்த இஞ்சின் கரை சேர்ந்தால் அதற்குப் பெரிய காரணம் மெக்கானிக் சந்தியாகு. நன்றி.”

படகைக் கரைப்பக்கம் திருப்பினான் சந்தியாகு. இத்தனை வருடத்தில் முதல்முறையாக அந்தத் தீர்ப்பை எதிர்த்துப் பேச அவனுக்கு வாய் வரவில்லை.