பத்தாவது வாரக் கதை

முதலில் மழை வந்தது. அதன் பின்னாலேயே அவன் வந்தான்.

தேரடி வீதியில் ஆதிமூலத்தின் டிவி கடை. கண்ணாடிக்குப் பின்னால் ஏழு பெட்டிகளும் ஒரே படத்தைக் காட்டிக்கொண்டிருந்தன. வாசலில் இருபது பேராவது இருப்பார்கள். பூக்காரர்கள், ஆட்டோக்காரர்கள், கோயிலுக்கு வந்துவிட்டு பஸ்ஸை மறந்து நின்றவர்கள்... வியாழக்கிழமை ஏழரை மணி என்றால் அப்படித்தான். மூன்று வாரமாக வரும் 'வெள்ளைக் கூடாரம்' தொடர் ஓடுகிற நேரம். எங்கோ வடக்கே மலையடிவாரத்தில் ஒரு ராணுவ ஆஸ்பத்திரி. அதில் கண்டிப்பான டாக்டர், கேப்டன் மாலதி. அவளிடம் திட்டு வாங்கிக்கொண்டே அடிபட்டவர்களையெல்லாம் சிரிக்க வைக்கிற நர்சிங் அசிஸ்டென்ட் பெருமாள்சாமி.

அது 1991. வீட்டுக்கு வீடு டிவி வந்திராத காலம். ஒரு பெட்டிக்கு முன்னால் ஒரு தெருவே நின்று சிரித்த காலம்...

அவன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே வந்து, நனைந்த தலையை உதறினான். ஒட்ட வெட்டிய முடி. நிமிர்ந்த முதுகு. படத்தில் பெருமாள்சாமி ஒரு சிப்பாயின் தொடையில் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தான்.

"அய்ய... ரத்தம் வர்ற இடத்துக்குக் கீழ கட்டுறான் பாரு. மேல கட்டணும்யா. அந்த ஆளு செத்துடுவான்."

சத்தமாகத்தான் சொன்னான். இருபது தலைகள் திரும்பின.

கடையில் வேலை பார்க்கும் கவியாவுக்குச் சுருக்கென்றது. வந்தவர்களுக்கு டிவியை ஓட்டிக் காட்டி விலை சொல்வது அவள் வேலை. ஆனால் வியாழக்கிழமை அந்த அரை மணி நேரம் மட்டும் அவள் யாருக்கும் எதையும் விற்கமாட்டாள்.

"ஏங்க... டிவி வாங்க வந்தீங்களா, மழைக்கு ஒதுங்க வந்தீங்களா?"

"மழைக்குத்தாங்க."

"அப்ப மழைய மட்டும் பாருங்க."

அவன் திரும்பிப் பார்த்தான். முறைப்பான் என்று நினைத்தாள். அவனோ சிரித்தான். இமையில் ஒரு மழைத்துளி நின்றிருந்தது. அதைத் துடைக்கக்கூடத் தோன்றாமல் அவளையே பார்த்தான். கவியா சட்டென்று பார்வையைத் திருப்பிக்கொண்டாள். அதற்கப்புறம் கேப்டன் மாலதி என்ன பேசினாள் என்று அவள் காதில் விழவே இல்லை...

தொடர் முடிந்தது. கதவோரம் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்த அம்மா சரசு, புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தபடி எழுந்தாள். சிரித்துச் சிரித்து வந்த கண்ணீர்.

"போலாமா கவியா?"

"நீ முன்னால போம்மா. கடைய சாத்திட்டு வந்துடறேன்."

அவன் இன்னும் அங்கேயே நின்றான்.

"என் பேரு இளவரசன். கீழ்பென்னாத்தூர். மிலிட்டரியில நர்சிங் அசிஸ்டென்டா இருக்கேன்... அதான் வாய் சும்மா இருக்கல. தப்பா எடுத்துக்காதீங்க."

நிஜப் பெருமாள்சாமி. கவியாவுக்குச் சிரிப்பு வந்தது. காட்டிக்கொள்ளவில்லை.

அடுத்த வியாழனும் வந்தான். அன்றைக்கு மழை இல்லை.

"இன்னாத்துக்கு வந்தீங்க? இன்னிக்கி ஒதுங்கறதுக்கு மழையே இல்லியே?" என்றாள் கவியா.

"வரும்னு ரேடியோவுல சொன்னாங்க."

"எங்க? கீழ்பென்னாத்தூர்லயா?"

"எங்கயோ வரும்னு சொன்னாங்க. நான் சரியா கேக்கல."

இரண்டு மாத லீவில் வந்திருந்தான். வீட்டில் கடலை பிடுங்குகிற வேலை தலைக்கு மேல் கிடந்தது. அதை விட்டுவிட்டு வியாழனன்று பஸ் ஏறிவிடுவான். தொடரில் ஒரு தப்பு விடமாட்டான். பாட்டிலைத் தலைகீழாக மாட்டாமல் குளுக்கோஸ் ஏற்றுகிறார்கள், கேப்டன் தோளில் ஒரு நட்சத்திரம் கம்மி... எல்லாவற்றையும் அவள் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொல்வான். அவள் விரலை உதட்டில் வைத்து அடக்குவாள். புதன்கிழமையே மனசு நாளைக்கு எந்தத் தாவணி என்று யோசிக்கத் தொடங்கிவிட்டதை அவளே கொஞ்சம் பயத்தோடுதான் கவனித்தாள்.

ஒருநாள் அவன் சிரிக்காமல் சொன்னான்.

"ஒண்ணுதாங்க எனக்கு ஒத்துக்கல. இதுல அடிபட்டவன் எல்லாம் அரை மணி நேரத்துல எழுந்து உக்காந்து ஜோக் அடிக்கிறான். ஒருத்தன்கூட சாகறதில்ல. அங்க அப்படி இல்லீங்க. போன வருஷம் ஒரு பையன்... என் கையப் புடிச்சிக்கிட்டே..."

அவள் என்னவோ சொல்ல வாயெடுத்தாள். அம்மா நாற்காலியைவிட்டு எழுந்து வருவதைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

தொடரின் எட்டாவது வாரம் முடிந்த ஞாயிற்றுக்கிழமை. டிவியில் நேயர் கடிதங்கள் படிக்கிற நிகழ்ச்சி. ஆதிமூலம் காபி குடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். அறிவிப்பாளர் படித்தார்: "கீழ்பென்னாத்தூரிலிருந்து நேயர் இளவரசன் எழுதியிருக்கிறார். 'வெள்ளைக் கூடாரம் தொடரில் காட்டுவது எதுவும் உண்மை இல்லை. உயிர் போகிற இடத்தில் எங்களைக் கோமாளிகளாகக் காட்டுகிறீர்கள்...'"

"நம்ம மிலிட்டரி தம்பியாம்மா இது?" என்றார் ஆதிமூலம்.

கவியா துடைத்த கண்ணாடியையே மறுபடி துடைத்தாள்.

ஒன்பதாவது வாரம், சிப்பாய் ராஜா என்கிற பையனை வயிற்றில் காயத்தோடு ஸ்ட்ரெச்சரில் கொண்டுவந்தார்கள். கேப்டன் மாலதி கூடாரத்துக்குள் போனாள். பெருமாள்சாமி முதல்முறையாகச் சிரிக்காமல் நின்றான். 'தொடரும்' என்று போட்டார்கள். அன்றைக்கு இளவரசனும் ஒரு தப்புகூடச் சொல்லவில்லை. கவியாவும் அவன் பக்கமே திரும்பவில்லை.

பத்தாவது வியாழன் ஏழரை மணிக்கு ஏதோ நாட்டிய நிகழ்ச்சி ஓடியது.

கூட்டம் கொஞ்ச நேரம் முணுமுணுத்துவிட்டுக் கலைந்தது. அம்மா மட்டும் நாற்காலியைவிட்டு எழவில்லை.

"ஏன்டி... அந்தப் புள்ள பொழைச்சானா இல்லியா?"

"தெரியலம்மா. நிறுத்திட்டாங்க போல."

"நிறுத்திட்டாங்கன்னா? பொழைச்சானா இல்லியான்னு சொல்லிட்டு நிறுத்தக் கூடாதா?"

அம்மாவை வீட்டுக்கு அனுப்பிவிட்டுக் கவியா வெளியே வந்தாள். மழை மறுபடி பிடித்திருந்தது. குடையோடு இளவரசன் நின்றிருந்தான்.

"சந்தோஷமாங்க இப்ப?"

"இல்லீங்க... நான்..."

"உங்க கடுதாசியப் படிச்சாங்களே, நான் கேட்டேன். எல்லாம் பொய்யின்னு எழுதிட்டீங்க. இருக்கட்டும். எங்க அண்ணன் வேணு மிலிட்டரியில லாரி ஓட்டினான். ரெண்டு வருஷம் முன்னால வண்டி பள்ளத்துல விழுந்துடுச்சி. ரெண்டு நாள் கூடாரத்து ஆஸ்பத்திரியில இருந்துட்டுப் போயிட்டான்னு தந்தி வந்துச்சி. அந்த ரெண்டு நாள் அவன் எப்படி இருந்தான், யார் தண்ணி குடுத்தாங்க, ஒரு வாய் சிரிச்சானான்னு எங்கம்மாவுக்கு ஒண்ணும் தெரியாது. ரெண்டு வருஷமா அவங்க சிரிக்கல. இந்த நாடகத்தப் பார்த்துதான் சிரிச்சாங்க. அங்க ஒரு பெருமாள்சாமி இருந்திருப்பான்னு நெனைச்சிக்கிட்டாங்க... அதுல இன்னாங்க தப்பு?"

அவன் முகம் வெளுத்துப்போனது. குடையை அவள் பக்கம் நீட்டினான். அவள் வாங்கவில்லை. மழையிலேயே நடந்தாள். நாலு வீடு தாண்டியதும், அவன் அங்கேயே நிற்கிறானா என்று திரும்பிப் பார்க்கத் தோன்றியது. பார்க்கவில்லை. ரோஷம்... அந்த வயதில் அதுதான் ஜாஸ்தி.

ஒரு வாரம் அவனைக் காணவில்லை. நல்லதுதான் என்று சொல்லிக்கொண்டாள். சொல்லிக்கொண்டே கீழ்பென்னாத்தூரிலிருந்து வருகிற பஸ்களின் ஹாரன் சத்தத்தை எண்ணினாள்.

அடுத்த வியாழன் அவன் வந்தான். வழக்கமான நேரத்துக்கு அரை மணி முன்னாலேயே. சட்டையெல்லாம் பிரயாணத்தில் கசங்கியிருந்தது. அவளைப் பார்த்தான். நேராக ஆதிமூலத்திடம் போனான்.

"சார்... ஒரு அரை மணி நேரம் டிவிய எல்லாம் அணைச்சி வெக்க முடியுமா?"

"கடையில வந்து டிவிய அணைக்கச் சொல்ற மொத ஆளு நீதாம்பா" என்றார் அவர். ஆனால் அணைத்தார்.

அப்புறம் அவன் கவியாவிடம் வந்தான். "அம்மாவக் கூட்டிட்டு வர முடியுங்களா? என் மேல கோவம் அப்படியே இருக்கட்டும். அம்மாவ மட்டும்."

சரசு வந்து அதே மடக்கு நாற்காலியில் உட்கார்ந்தாள். அவன் எதிரில் தரையில் உட்கார்ந்தான்.

"அம்மா, நான் மெட்ராஸ் போயிருந்தேன். அந்த நாடகத்த எழுதினவரத் தேடிக் கண்டுபுடிச்சேன். மீதிக் கதைய நான் சொல்றேன், கேக்கறீங்களா?"

"அந்தப் புள்ள பொழைச்சானா, அத மொதல்ல சொல்லு."

"சொல்றேன். அவசரப்பட்டா கேப்டன் மாலதி திட்டுவாங்க."

சொல்ல ஆரம்பித்தான். முதலில் தயங்கித் தயங்கி... பிறகு எழுந்து நின்றுவிட்டான். கேப்டன் மாலதியாகி இடுப்பில் கை வைத்து அதட்டினான். பெருமாள்சாமியாகி அவளிடம் திட்டு வாங்கினான். காயம் பட்ட சிப்பாய் ராஜாவாகி ஆதிமூலத்தின் கவுண்டரில் நீட்டிப் படுத்தான். மயக்கம் தெளிந்த ராஜா முதலில் கேட்டது தண்ணீர் அல்ல, ஆரணி பிரியாணி. அதைக் கேட்டு ஆபரேஷன் செய்த கேப்டன் மாலதியே சிரித்துவிட்டாள். "வயித்துல தையல் போட்டிருக்கேன், மறுபடி பிரிச்சா நூலு இல்லை" என்றாள்...

சரசு சிரித்தாள். வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்தாள். மழைக்கு ஒதுங்கியவர்கள் நாலு பேர் உள்ளே வந்து, என்ன நாடகம் என்று தெரியாமலே அவர்களும் சிரித்தார்கள். கவியா கதவைப் பிடித்தபடி நின்றாள்.

சிரிப்பு அடங்கியதும் சரசு மெல்லக் கேட்டாள்.

"தம்பி... நீயும் அங்கதான இருந்த? எங்க வேணுவப் பார்த்தியா?"

பார்த்தேன் என்று ஒரு வார்த்தை சொல்லிவிடேன்... கவியா மனசுக்குள் கெஞ்சினாள்.

அவன் மறுபடி தரையில் உட்கார்ந்தான்.

"இல்லம்மா. அப்ப நான் வேற எடத்துல இருந்தேன். பார்த்தேன்னு பொய் சொல்ல மாட்டேன். ஆனா எங்க வேலை எனக்குத் தெரியும். அந்த மாதிரி படுத்திருக்கிறவங்கள நாங்க தனியா விடறதில்ல. ராத்திரி பகல்னு முறை போட்டுப் பக்கத்துல உக்காருவோம். ஒதடு காய்ஞ்சா பஞ்சுல தண்ணி நனைச்சி வெப்போம். ஊரப் பத்திக் கேப்போம். கோயிலப் பத்தி, அம்மாவப் பத்தி... பேச முடியலன்னா கைய மட்டும் புடிச்சிக்குவோம். எங்கள்ள ஒருத்தன் உங்க புள்ளையோட கையப் புடிச்சிக்கிட்டு இருந்திருப்பான். அது சத்தியம்மா."

சரசு அவன் கையை எடுத்து இரண்டு கைகளுக்குள்ளும் வைத்துக்கொண்டாள். வெகுநேரம் விடவில்லை.

பல வருஷங்களுக்குப் பிறகும், 'வெள்ளைக் கூடாரம்' என்று ஒரு தொடர் வந்ததே யாருக்கும் நினைவில்லாமல் போன பிறகும், அதில் எது நல்ல வாரம் என்று கேட்டால் கவியா டிவியில் வராத அந்தப் பத்தாவது வாரம் என்றுதான் சொல்வாள்.

சனிக்கிழமை அவன் லீவு முடிந்தது. பஸ் ஸ்டாண்டில் காட்பாடி பஸ் புறப்படத் தயாராக நின்றது. அங்கிருந்து ரயில். அவன் பெட்டியை மேலே வைத்துவிட்டு ஜன்னல் ஓரம் உட்கார்ந்தான். வெளியே பார்த்தால்... ஈரத் தாவணியோடு மூச்சு வாங்க கவியா.

"உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். அந்த எழுத்தாளர் நெஜமாவே அப்படித்தான் எழுதியிருந்தாரா?"

"இல்லீங்க. அவரு ஒண்ணுமே எழுதல. நாலு வாரம் முன்னாலயே நிறுத்தறதா முடிவு பண்ணிட்டாங்களாம், விளம்பரம் தர்றவங்க போயிட்டாங்கன்னு. இஷ்டப்படி முடிச்சிக்கப்பான்னுட்டாரு. கதை ட்ரெயின்ல வர்றப்ப நான் யோசிச்சது."

"அப்ப உங்க கடுதாசியால நிக்கல. அத ஏன் அன்னிக்கே சொல்லல? நான் அவ்ளோ பேசினேனே?"

"நான் எழுதினது எழுதினதுதானே. அதைச் சொல்லித் தப்பிச்சிக்க மனசு வரல."

கண்டக்டர் விசில் கொடுத்தார். கவியா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"திரும்பி வருவீங்கதான?"

அவன் கண்கள் அவள் கண்களைவிட்டு நகரவில்லை.

"பத்து மாசத்துல அடுத்த லீவு. ஆனா நாடகத்துல மாதிரி எல்லாரும் எழுந்து உக்காந்துடுவாங்கன்னு நான் வாக்கு குடுக்க முடியாது கவியா. என் வேலை அப்படி. உங்கம்மா ஒரு தடவ தந்தி வாங்கினவங்க. அதனாலதான் நான் எதுவும் சொல்லாமலே கிளம்பறேன்."

அவன் அவளை வெறும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதை அவள் கவனித்தாள். பயம் அப்போதே பாதி போயிற்று.

"எங்கம்மாகிட்ட நேத்தே பேசிட்டேன்" என்றாள். பார்வை தாழவில்லை. "கட்டினா அந்த மிலிட்டரிக்காரரத்தான் கட்டுவேன்னு சொன்னேன். அண்ணன் போட்டோவையே பார்த்துக்கிட்டிருந்தாங்க. அப்புறம், பொய் சொல்லாத புள்ளதான், லெட்டராவது ஒழுங்கா போடச் சொல்லுன்னாங்க..."

பஸ் உறுமியது. நகரத் தொடங்கியது. கம்பியிலிருந்து அவள் கை நழுவியது.

பத்தடி போய் பஸ் நின்றது. கண்டக்டர் ஏதோ கத்தினார். பெட்டியை மார்போடு அணைத்தபடி இளவரசன் படியிலிருந்து இறங்கினான். தூறலில் நேராக அவளை நோக்கி நடந்து வந்தான்.

"ட்ரெயின் போயிடுமே..." என்றாள்.

"அடுத்த பஸ்ஸுல போனாலும் புடிச்சிடலாம். அதுக்கு ஒரு மணி நேரம் இருக்கு." பெட்டியைக் கீழே வைத்தான். "எனக்கு உங்கள ரொம்பப் புடிச்சிருக்கு கவியா. இத லெட்டர்ல எழுதிக்கலாம்னு நெனைச்சேன்... நேர்லயே சொல்லிடணும்னு தோணுச்சி."