கொக்குவில்58

வெக்ஸ்போர்ட்டில் அந்த வீட்டின் கீழ்த்தள பேஸ்மென்ற் காலியாகி ஆறு நாள்தான் ஆகியிருந்தது. ராகுலன் இரண்டு சூட்கேசுகளையும் ஒரு மொனிற்றரையும் காரிலிருந்து இறக்கினான். வீட்டுக்காரி பேபி அன்ரி கதவைத் திறந்து விட்டார்.

"செத்த வீட்டுத் துடக்கெண்டு யோசிக்கிறீங்களோ தம்பி?"

"இல்லை அன்ரி. வாடகை குறைவெண்டுதான் வந்தனான்."

"நல்லது. உண்மையைச் சொல்லுறீங்கள்."

அவருடைய கணவர் தங்கத்துரை கீழேதான் இறந்தார். கம்பியூட்டருக்கு முன்னால், கதிரையில் இருந்தபடியே. கம்பியூட்டரை எடுத்துவிட்டார்கள். கதிரை இருந்தது. நல்ல கதிரை. ராகுலன் அதை வைத்துக்கொண்டான்.

கீழே ஈரக் கம்பள வாசனை. அதற்கு அடியில் வேறொன்று, காய்ந்த எச்சில் போல. கதிரையைச் சுற்றிக் குனிந்து பார்த்தான். நகத்துண்டுகள். வெட்டியவை அல்ல, கடித்துத் துப்பியவை. தடித்து, மஞ்சளாக, பிறை வடிவில். பதினொன்றைப் பொறுக்கினான். பிறகு எண்ணவில்லை.

மேசைக்கு மேலே, சுவரில் பென்சிலால் எழுதியிருந்தது:

நரி9 வெருட்டுறான். விடாதை. கோல்.

ராகுலன் அதை இரண்டு தரம் படித்தான். நரி9 அவன்தான்; இணையத்தில் அவன் பெயர்.

இரண்டு வருடமாக ஒவ்வொரு பிற்பகலும் இணையத்தில் போக்கர் ஆடுவது அவன் தொழில். அவன் ஆடும் மேசைக்குக் கொக்குவில்58 என்ற பெயரில் ஒருவர் வருவார். முகம் தெரியாது. எவ்வளவு பந்தயம் கேட்டாலும் அதே தொகையைக் கட்டி கோல் பண்ணுவார். எதிரே இருப்பவன் பொய்யாக மிரட்டுகிறான் என்றே எப்போதும் நம்புவார். ராகுலன் அவரைப் பற்றிக் குறித்து வைத்திருந்தான்: 'எதுக்கும் கோல் பண்ணும். நல்ல கை வந்தால் அவசரப்படாதே. சின்னதாய்க் கேள். இன்னொருக்கா சின்னதாய்க் கேள். பிறகு முழுக்கக் கேள்.'

ஒரு கிழமையாக அந்தப் பெயரைக் காணவில்லை.

ஈரத் துணியால் சுவரைத் துடைத்தான். அன்று பிற்பகலும் ஆடினான்.

தங்கத்துரை இறந்த எட்டாம் நாள் மாலை பேபி அன்ரி படியிறங்கி வந்தார். கையில் அலுமினியத் தட்டு. பொரித்த மீன், ஆட்டிறைச்சி, அவித்த முட்டை, வடை.

"தம்பி, இது அவரின்ரை எட்டுப் படையல். ஆம்பிளையள் இல்லாத வீடு. முச்சந்தியிலை வைச்சிட்டுத் திரும்பிப் பாராமல் வரவேணும். அப்பதான் மனுசன் வீட்டை விட்டுப் போகும்."

"எந்த முச்சந்தி அன்ரி?"

"உதிலை ஸ்ரொப் சைன் நிக்கிற சந்தி காணும். றக்கூன் தின்னட்டும். வெளியிலை குளிர் மைனஸ் இருபது, தொப்பியைப் போடுங்கோ."

அன்ரி மேலே போனார். போக்கர் திரையில் ராகுலனிடம் நாலு ஏழுச் சீட்டுகள். வருடத்தில் ஓரிரு தரம் வரும் கை. யோசிக்க முப்பது செக்கன். தட்டை, வீட்டைச் சூடாக்கும் ஃபேர்னஸ் நிற்கும் அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்தினான். பத்து டொலர் கேட்டான். நாற்பது கேட்டான். பிறகு முழுவதும். எதிரே இருந்தவன் கொடுத்தான்.

அதன் பிறகு வெளியே போக மனமில்லை.

மேலேயிருந்து குரல் வந்தது. "வைச்சனீங்களோ தம்பி?"

"ஓம் அன்ரி."

"திரும்பிப் பாக்கேல்லைத்தானே?"

"இல்லை."

மறுநாள் இரண்டு மணிக்கு மேசையில் ஒரு இடம் நிரம்பியது.

கொக்குவில்58.

ராகுலன் மௌஸிலிருந்து கையை எடுத்தான். யாரோ கடவுச்சொல்லைத் திருடியிருக்க வேண்டும் என்று நினைத்தான். சீட்டு வந்தது. நல்ல கை. பத்து டொலர் கேட்டான்.

ஃபேர்னஸ் அறைக்குள் ஒரு கிளிக்.

திரையில்: கோல்.

நாற்பது கேட்டான்.

கிளிக்.

கோல்.

அந்த அறையில் ஃபேர்னஸும் தண்ணீர்த் தாங்கியும் தட்டும் தவிர வேறொன்றும் இல்லை. ராகுலன் எழுந்து கதவுப் பிடியைத் தொட்டான். கதவிடுக்கால் மீன் மணத்தது. தட்டை இப்போது கொண்டுபோய் வைத்துவிடலாம். வைத்தால் மனுசன் போய்விடும்.

திரையைத் திரும்பிப் பார்த்தான். அடுத்த ஆட்டத்துக்கு இரண்டு ராசாக்கள் வந்திருந்தன.

கதவில் வாயை வைத்துச் சொன்னான்: "அங்கிள், இருங்கோ. போகாதேங்கோ."

உள்ளே பல்லில் நகம் முறிந்தது. டக்.

ஒன்பது நாள் அப்படியே போனது. நாற்றத்துக்காகக் கதவடியில் துவாயைச் சுருட்டி வைத்தான். பெப்ரவரியில், வெளியே பனி கொட்டும்போது, துவாயில் ஈ மொய்த்தது. கணக்கில் முப்பத்தோராயிரம் டொலர் சேர்ந்தது.

பத்தாம் நாள் பேபி அன்ரி கடிதத்தோடு படியில் நின்றார். மூக்கைச் சேலைத் தலைப்பால் பொத்தியிருந்தார்.

"என்ன மணம் தம்பி?"

"எலி செத்திருக்கு அன்ரி. எடுக்கிறன்."

"பாங்கிலை இருந்து வந்திருக்கு. வீட்டை ஈடு வைச்சு அவர் கடன் எடுத்தவராம். எனக்குத் தெரியாது. போன கிழமையும் அதிலை காசு போயிருக்கு. செத்த மனுசன் எப்பிடித் தம்பி எடுக்கும்? உங்களுக்குக் கம்பியூட்டர் தெரியும்தானே, ஒருக்காப் பாப்பீங்களோ?"

"பாக்கிறன்."

"எனக்கு உந்த வீடு மட்டும்தான்."

அவர் போனபோது மணி இரண்டு.

கொக்குவில்58 வந்திருந்தார். முன்னால் ஆறாயிரத்து இருநூறு டொலர்.

ராகுலனுக்கு நாலு ஏழு வந்தது.

பத்து கேட்டான். கிளிக். நாற்பது கேட்டான். கிளிக். இனி முழுவதும் கேட்க வேண்டும். கேட்காமலும் விடலாம். விட்டால் சின்னத் தொகையோடு முடிந்துவிடும்.

நிமிர்ந்தான். சுவரில் பென்சில் எழுத்து இருந்தது. அவன் துடைத்த அதே இடத்தில்.

நரி9 வெருட்டுறான். விடாதை.

"வெருட்டேல்லை அங்கிள்," என்றான் மெதுவாக.

அழுத்தினான்.

முப்பது செக்கன் ஓடத் தொடங்கியது. ஈரமான உதடுகளின் ஓசை. டக். டக்.

கிளிக்.

கொக்குவில்58 என்ற பெயருக்குப் பக்கத்தில் பூச்சியம் விழுந்தது. இடம் காலியானது.

ராகுலன் கதவைத் திறந்தான். மீன் முள்ளில் சதை இல்லை. எலும்புகள் சூப்பப்பட்டு வெள்ளையாக இருந்தன. தட்டின் விளிம்பைச் சுற்றி நகத்துண்டுகள். ஈரமாக.

தட்டைச் சந்திக்குக் கொண்டுபோய் வைத்தான். பட்டப்பகல். திரும்பிப் பார்க்கவில்லை. அதையாவது சரியாகச் செய்தான்.

வரும் வழியில், நடைபாதை உப்பில், அவனுக்குப் பின்னால் ரப்பர்ச் செருப்பு நொறுநொறுத்தது. வீடு வரைக்கும்.

அந்தக் கிழமையே பிறம்ரனுக்கு மாறினான். பதினாலாம் மாடி, புது மேசை, புதுக் கதிரை. ஏப்ரலில் வெக்ஸ்போர்ட் வீட்டு வாசலில் விற்பனைப் பலகை நட்டதாகக் கேள்விப்பட்டான். பணம் அவன் கணக்கிலேயே இருந்தது. பேபி அன்ரி இரண்டு தரம் அழைத்தார். எடுக்கவில்லை.

ஒரு பிற்பகல், இரண்டு மணி. நல்ல வெயில். சீட்டு வந்தது. இரண்டு ஏழு.

பத்து டொலர் கேட்டான். காத்திருந்தான்.

பல்லிடுக்கில் ஏதோ குத்தியது. நாக்கால் தள்ளி உள்ளங்கையில் துப்பினான்.

தடித்த மஞ்சள் நகத்துண்டு. பிறை வடிவில்.

ராகுலன் தன் பத்து விரல்களையும் வெயிலில் விரித்துப் பார்த்தான்.

பத்து நகமும் முழுதாக இருந்தன.