கத்தரிக்காய்ச் சட்டம்

சகலருக்கும் இதனால் தெரிவிப்பது: மெட்டுகுடா ரயில்வே குவார்ட்டர்ஸின் மாட்சிமை தங்கிய அம்மாக்கள் ஒரு சட்டம் இயற்றியிருந்தார்கள். கத்தரிக்காய் சாப்பிடாத பிள்ளையைப் போலீஸ் ஜவான் பிடித்துக்கொண்டு போவார். அப்பீல் கிடையாது.

இப்படி ஒரு சட்டம் இருப்பது நிஜாம் அரசாங்கத்துக்குத் தெரியாது. ஜவான் கரீமுக்கும் தெரியாது. தான் தெருவில் நுழைந்ததுமே பிள்ளைகள் கோலிக்குண்டுகளை அப்படியே போட்டுவிட்டு ஓடுவது ஏன் என்று பதினோரு வருடமாக அவருக்குப் புரியவில்லை. தன் மீசைக்குக் கிடைக்கும் மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

பத்து வயது ஜெயசுந்தரிக்குச் சட்டம் நன்றாகத் தெரியும். அதற்குப் பயந்தே எத்தனையோ கூடை கத்தரிக்காயை விழுங்கி வளர்ந்தவள் அவள்.

அன்று சாயங்காலம் அவளுடைய தம்பி கிதியோனைக் காணவில்லை. நாலு வயதுப் பிள்ளை. வானம் வேறு கறுத்துக்கொண்டு வந்தது. அம்மா எலிசபெத் வீடு வீடாகத் தேடினாள். கடைசியில், வேறு வழியில்லாமல், ஜவானிடமே ஓடினாள்.

கரீம் விசிலும் கையுமாகப் புறப்பட்டார். பிள்ளை கிடைத்துவிட்டான். வெளியே வரத்தான் மாட்டேன் என்றான்.

ரயில் பாதைக்கு அடியில் மழைத்தண்ணீர் போகிற குழாய் ஒன்று உண்டு. அதற்குள் போய் உட்கார்ந்திருந்தான். பெரியவர்கள் நுழைய முடியாத குழாய். ஜெயசுந்தரிக்கே தோளோடு சிக்கிக்கொண்டது.

“பாஹர் ஆ பேட்டா! வெளியே வா!” கரீம் குழாயின் வாயில் குனிந்து கர்ஜித்தார். விசிலை ஊதினார்.

கிதியோன் இன்னும் நாலடி உள்ளே போனான்.

இடி இடித்தது. மழை பிடித்தால் அந்தக் குழாயில் தண்ணீர் எந்த வேகத்தில் பாயும் என்பது குவார்ட்டர்ஸில் எல்லோருக்கும் தெரியும். அம்மா அழத் தொடங்கினாள்.

“ஜவான் சாப், ஊதாதீங்க!” என்றாள் ஜெயசுந்தரி. “அவன் உங்களுக்குப் பயந்துதான் ஒளிஞ்சிருக்கான்.”

“எனக்கா? கைக்கு, ஏன்? நான் என்ன செஞ்சேன்?”

“மத்தியானம் அவன் கத்தரிக்கா சாப்பிடலை. சாப்பிடாட்டி நீங்க பிடிச்சுட்டுப் போவீங்கன்னு அம்மா சொன்னாங்க. எல்லா அம்மாவும் அப்படித்தான் சொல்வாங்க.”

கரீம் அம்மாவைப் பார்த்தார். அம்மா தன் கால் விரலைப் பார்த்தாள்.

“பதினோரு வருஷமா இதுக்குத்தான் ஓடுதுங்களா?” மீசை இரண்டு பக்கமும் தொங்கிப்போயிற்று.

ஜெயசுந்தரிக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. உடனே ஒரு யோசனையும் வந்தது.

“தலைப்பாகையைக் கழட்டுங்க, சாப். பூட்ஸையும். இப்படி உட்காருங்க. நான் கேக்கறதுக்கு உண்மையைச் சொல்லணும்.”

“அரே, போலீஸ்காரனையே விசாரிக்கறியா?”

“ஹவ், ஆமா,” என்றாள் ஜெயசுந்தரி.

கரீம் வழுக்கைத் தலையும் வெறுங்காலுமாகச் சேற்றில் உட்கார்ந்தார். குழாய்க்குள் கேட்கும்படி அவள் உரக்கக் கேட்டாள்: “நீங்க கத்தரிக்கா சாப்பிடுவீங்களா?”

“நக்கோ, நக்கோ! வேண்டவே வேண்டாம்! நாக்கு அரிக்கும். அதுக்குத்தான் என் பீவி தினமும் திட்டறா.”

குழாய் சற்று நேரம் யோசித்தது. பிறகு உள்ளேயிருந்து ஒரு சின்னக் குரல் வந்தது.

“அப்போ உங்களை யாரு பிடிச்சுட்டுப் போவா?”

இதைப் பற்றிக் கரீம் இதுவரை நினைத்துப் பார்த்ததில்லை.

“இன்ஸ்பெக்டர் சாப்,” என்றார் கவலையோடு.

“உள்ளே வந்துடுங்க. இடம் இருக்கு.”

“புக முடியாது பேட்டா. தொப்பை இருக்கே.”

சரசரவென்று சத்தம். சேறு பூசிய கிதியோன் வெளியே வந்து ஜவானின் விரலைப் பிடித்து இழுத்தான்.

“சீக்கிரம் வாங்க! எங்க வீட்டுக் கட்டிலுக்கு அடியில ஒளிச்சு வைக்கறேன்.”

மழை கொட்டத் தொடங்கியது. வெறுங்காலோடு ஜவான் ஓட, கிதியோன் அவரை இழுத்துக்கொண்டு ஓட, பின்னால் பூட்ஸையும் தலைப்பாகையையும் சுமந்துகொண்டு ஜெயசுந்தரி ஓடினாள். ஜன்னல்களிலிருந்து பிள்ளைகள் வாயைப் பிளந்து பார்த்தார்கள். ஜவானைக் கண்டு ஓடியவர்களைத்தான் அந்தத் தெரு பார்த்திருக்கிறது. ஜவானோடு ஓடியவர்களை அன்றுதான் பார்த்தது.

கட்டிலுக்கு அடியில் மத்தியானக் கத்தரிக்காய் முன்பே ஒளிந்திருந்தது. அம்மா அதை எடுத்து வெளியே போட்டாள். ஜவானுக்குச் சூடாகத் தேநீர் போட்டுக் கொடுத்தாள்.

சட்டம் அன்றே ரத்தாயிற்று. மறுநாள் முதல் மெட்டுகுடா அம்மாக்கள் டிக்கெட் பரிசோதகரைக் காட்டிப் பயமுறுத்தினார்கள்.