உடைக்காத பூசணிக்காய்

அந்தப் படத்தில் நேற்றுவரை பூசணிக்காய் கிடையாது. விசாலாக்ஷி சத்தியமே செய்வாள்.

அமெரிக்காவில், மான்மவுத் ஜங்ஷன் என்ற ஊரில் இந்த வீட்டை வாங்கியபோது பழைய சொந்தக்காரர் வாசல் ஹாலில் விட்டுப்போன படம் அது. செப்புத் தகட்டில் கோடு கோடாகச் செதுக்கி அச்சடித்த கறுப்பு வெள்ளைக் காட்சி. இடிந்த கல்வீடு, அதன் கூரையைப் பிளந்துகொண்டு எழுந்த ஓக் மரம், தூரத்துப் பாதையில் முதுகைக் காட்டியபடி நகக்கண் அளவுக்கு ஒரு மனிதன். மனிதன் கட்டியதை மரம் தின்பதை இவ்வளவு ஆசையாக எவன் வரைவான்? அவளுக்கு அன்றே பிடிக்கவில்லை. "ஆன்டிக் டீ, தூக்கிப் போட்டுடாதே" என்று கணவன் சந்தானம்தான் தடுத்தான்.

போன வாரம் அந்த ஹாலில் வைத்துத்தான் புது வீட்டுக்கும் மகள் விஷாகாவுக்கும் சேர்த்துத் திருஷ்டி சுற்றினார்கள். பூசணிக்காயில் தடவியது போக மிச்சமிருந்த குங்குமத்தை விசாலாக்ஷி குழந்தையின் நெற்றியில் வைத்தாள்.

"தெருவுல போட்டு உடைக்கணுமேன்னா" என்றாள்.

"அசோசியேஷன்ல கம்ப்ளைண்ட் பண்ணுவா. ஹாலோவீன் டைம்தானே, எல்லார் வாசல்லயும் பூசணிக்காதான். பின்னாடி மரத்தடியில வெச்சுடறேன், ஒருத்தருக்கும் வித்தியாசம் தெரியாது."

முழுசாகவே வைத்துவிட்டு வந்தான். கெட்டிக்காரன்.

இப்போது நவம்பர் சாயங்காலம், சந்தானம் இன்னும் ரயிலில். ஹீட்டரின் முனகலுக்கு நடுவே காய்ந்த இலைகள் வெளிச்சுவரை உரசிக்கொண்டே வந்து வாசல் பக்கமாக ஓய்வதையும், யாரும் ஏற்றாத கற்பூரத்தின் வாசனை ஹாலில் கனமாக நிற்பதையும் உணர்ந்தபடி அவள் படத்தின் முன்னால் நின்றாள். ஓக் மரத்தடியில் பூசணிக்காய். பாதையில் இருந்த மனிதன் அங்கே இல்லை. பூசணிக்காய்க்குப் பக்கத்தில் நின்றான், அப்போதும் முதுகைக் காட்டிக்கொண்டு.

"விஷா! மாடியில என்னடி பண்றே?"

"நத்திங், அம்மா. தேர்ஸ் எ மேன்... நம்ம மரத்துகிட்ட."

"ஜன்னல்கிட்ட நிக்காதே! கீழ வா!"

பூசணிக்காயை உடைத்துவிட வேண்டும். அதைச் செய்திருந்தால் எல்லாம் அன்றே தீர்ந்திருக்கும். பின்கதவைத் திறந்துகொண்டு செருப்பில்லாமல் ஓடினாள். மரத்தடியில் ஆளில்லை. ஈர இலைகளில் ஒரு வட்டத் தடம் மட்டும். பூசணிக்காய் இல்லை.

உள்ளே வாசல் கதவு சாத்தப்படும் சத்தம்.

"விஷா?"

மாடி. அறை. கட்டில். போர்வையில் இன்னும் சூடு இருந்தது. குழந்தை இல்லை.

இறங்கினாள். ஹால். பார்க்கக் கூடாது என்றுதான் நினைத்தாள். பார்த்தாள்.

மனிதன் பாதைக்குத் திரும்பியிருந்தான். முதுகு. ஒரு கக்கத்தில் உடையாத பூசணிக்காய். மறு கையைப் பிடித்தபடி ஒரு சிறுமி.

அவள் மட்டும் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அத்தனை கறுப்புக் கோடுகளுக்கு நடுவே, அவள் நெற்றியில் ஒரு பொட்டு சிவப்பு.